விறகடுப்பு வாங்கப் போகிறீர்களா?

பொந்தியானில் குளிர்காய அடுப்பு தேவையில்லை. ஆனாலும் வீட்டின் பின்புறம் விறகடுப்பு வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். பொங்கல், விருந்துச் சமையல், பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் என்று அதற்கு வேலை வந்துகொண்டே இருக்கிறது. பழைய அடுப்பு இடிந்துபோனால் மறுபடியும் மூன்று கல் வைப்பதா, புகை குறைந்த புது அடுப்பு வாங்குவதா?

மூன்று கல் அடுப்பில் சூடு நாலாபுறமும் சிதறிவிடும். பானைக்குச் சேர்வது கொஞ்சம்தான். புதிய வகைகளில் பெயர்பெற்றது ராக்கெட் அடுப்பு. அமெரிக்காவின் லேரி வினியார்ஸ்கி 1980களில் வடிவமைத்தது. உள்ளே 'ட' எழுத்தைப் போன்ற குழாய், சுற்றிலும் சூட்டை வெளியே விடாத பூச்சு. விறகின் நுனி மட்டுமே எரியும். கிளம்பும் புகையும் குழாய்க்குள்ளேயே பெரும்பாலும் எரிந்துவிடும். இலங்கையில் புழங்கும் 'அனகி' இன்னும் எளிமையானது: ஒரே தீயில் இரண்டு பானை ஏற்றக்கூடிய மண் அடுப்பு.

ஆனால் புது அடுப்பு வந்தால் மட்டும் புகை போய்விடாது. ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்து, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 4 ஆண்டுகள்வரை கவனித்தார்கள். முதலாண்டில் வீட்டார் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்தது. பலர் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுதும் பார்க்கவில்லை. எனவே, புகைபோக்கியைத் துடைக்க ஆளில்லாத வீட்டுக்குத் திறந்த கொட்டகையில் வைக்கும் ராக்கெட் அடுப்பே மேல்.

அடுப்பைவிட விறகு முக்கியம். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். பால்மரக் கட்டையைப் பிளந்து, மழை படாமல் சில மாதங்கள் காயவிடுங்கள். ஈரமான செம்பனை மட்டை எந்த அடுப்பிலும் புகையும். சாயம் பூசிய பலகை, பிளைவுட் துண்டு இவற்றை எரிக்கவே வேண்டாம். நச்சுப் புகை வரும்.

இன்னொன்று நம் வட்டாரத்துக்கே உரியது. அன்னாசி விளையும் 'தானா கம்புட்' மண், மட்கிய செடிகொடிகளால் ஆனது, அதுவே எரியும். விழுந்த கங்கு மண்ணுக்கடியில் பல நாள் புகைந்து, வேறோர் இடத்தில் தீயாகக் கிளம்பலாம். அடுப்பைச் சிமெண்டுத் திண்ணைமேல் வையுங்கள். சாம்பலைத் தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே கொட்டுங்கள்.

தினசரிச் சமையலுக்கு, மானிய விலையில் 26.60 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் 14 கிலோ எரிவாயுத் தோம்பே நல்லது; ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் கட்டாயம் அதுதான். தாய்க்கும் பிள்ளைக்கும் சூடு காட்டக் கங்குச் சட்டியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.