ஒரு கிலோமீட்டர் தூரம்

வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு 'செட்பேக்' என்ற வார்த்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் சுவர் எழும்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்கு இத்தனை அடி இடம் விட வேண்டும் என்கிற விதி. நம் மனையோ அரை கிரவுண்டு. 'ரெண்டடி முன்னால இழுத்துக்கலாம் சார், யாரு டேப் வெச்சு அளக்கப்போறாங்க?' என்பார் மேஸ்திரி. நாமும் தலையாட்டி வைப்போம்.

அப்படித் தலையாட்டியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அதனால்தான் 1998-ல் தமிழக அரசு ஒரு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று புதிதாக ஒரு பிரிவு. விதியை மீறிக் கட்டியவர் விண்ணப்பம் போட்டுக் கட்டணம் செலுத்தினால் கட்டடம் 'வரன்முறை' ஆகிவிடும். இந்த ஒரு தடவை மட்டும்தான் என்பதால் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் அதை ஏற்றுக்கொண்டது.

கூடவே ஒரு குட்டும் வைத்தது. அதே சட்டத்தின் 113-ம் பிரிவின்படி எந்தக் கட்டடத்துக்கும் அரசு விலக்கு தரலாம். அப்படித் தரப்பட்ட 62 ஆணைகளை நீதிபதிகள் எடுத்துப் பார்த்தார்கள். விலக்கு ஏன் என்பதற்கு உருப்படியான காரணமே சொல்லப்படவில்லை!

அந்த 'ஒரு தடவை' என்ன ஆயிற்று? 2000, 2001, 2002 என்று வரிசையாகத் திருத்தம் போட்டுக் கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். போதும் என்று 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 2012-ல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவர்களுக்கு மறுபடியும் ஒரு கதவு.

நான் காமர்ஸ் படித்தவன். எந்தச் சலுகையைப் பார்த்தாலும் வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்றுதான் புத்தி போகும். இங்கே கட்டியவருக்கு ரெண்டடி வரவு. அரசுக்குக் கட்டணம் வரவு. காற்றும் வெளிச்சமும் போன பக்கத்து வீட்டுக்காரர்? அவர் பெயர் கணக்கிலேயே இல்லை.

ரெண்டடியில் இந்தக் கணக்கு சின்னதாகத்தான் தெரியும். அதையே பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் பாலாற்றங்கரைக்குப் போக வேண்டும். அங்கே அளவு அடியில் இல்லை, கிலோமீட்டரில்.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். தோலுக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு கிலோ தோலைப் பக்குவம் செய்ய ஏறக்குறைய 35 லிட்டர் என்கிறது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று. தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டைச் சாறு போதும். 1970-களில், பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாகத் தயாரான தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. அதன் பிறகு குரோமியம் பெருகியது. கழிவு நீர் ஆற்றுக்கும் நிலத்துக்கும் போனது.

1989 மார்ச் 30-ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. எண் 213. ஆறு, ஓடை, அணை இவற்றின் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் ஆலைகளை அமைக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் விதி பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்பே பாலாற்றங்கரையில் தோல் ஆலைகள் இருந்தன. ஏற்கெனவே நிற்பதை என்ன செய்வது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் தீர்ப்பு. தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அதற்காக மண்ணையும் தண்ணீரையும் கெடுக்க உரிமை கிடையாது என்றார்கள். அந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகியிருப்பதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டுபிடித்ததும் தீர்ப்பில் இருக்கிறது.

அந்த ஒரு கிலோமீட்டருக்குள் புதிய ஆலை கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றை ஆராய்ந்து தேவையானால் இடம் மாற்றச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. 'நான்தான் முதலில் வந்தேன்' என்பது முழு பதில் ஆகாது. ஐந்து மாவட்டங்களில் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். முக்கியமாக, மாசுபடுத்தியவர் பணம் தர வேண்டும், அது பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முதல்முறையாகக் கணக்கில் ஏறினார்!

அந்தத் தீர்ப்பு ஹைதராபாத்திலும் உதவியது. அங்கே ஒஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற குடிநீர் ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர் தடை. ஓர் எண்ணெய் ஆலைக்கு மட்டும் 1997-ல் ஆந்திர அரசு விலக்கு தந்தது. ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்று வேலூர் வழக்கில் சொன்ன கொள்கையை எடுத்து வைத்து, 2000 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது.

சரி, பாலாற்றங்கரை விவசாயிக்குப் பணம் வந்ததா? இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சுமார் 9,200 ரூபாய். உப்புப் பூத்த வயலுக்கும் குடிக்க முடியாத கிணற்றுக்கும் சராசரி விலை அவ்வளவுதான்.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். ஆற்றுக்கும் ஆலைக்கும் எத்தனை தூரம் என்று கேட்ட ஊரில், சகதிக்கும் மனிதன் படுக்கும் இடத்துக்கும் எத்தனை தூரம் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டி வந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று அரசுக்கு உத்தரவு. 1991-ல் போட்ட மனு. முப்பத்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்தவருக்கே இன்று தலை நரைக்க ஆரம்பித்திருக்கும்.

அடுத்த முறை 'வரன்முறைத் திட்டம் நீட்டிப்பு' என்று பேப்பரில் பார்த்தால், சதுர அடிக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத்தான் முதலில் தேடுவோம். தேடுங்கள், தப்பில்லை. அந்தப் பணத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.