முத்துப் பாதையில் ஒரு நாள்



வரலாற்று ஆசிரியனாக நான் பணியாற்றிய காலத்தில், “பஹ்ரைன்: முத்து ஏற்றுமதி, 1932-இல் எண்ணெய் கண்டறியப்பட்டது” என்று கரும்பலகையில் ஒரே வரி எழுதிவிட்டு, அடுத்த நாட்டிற்குச் சென்றுவிடுவது என் வழக்கம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை மாந்தர் மூச்சடக்கிக் கிடந்தனர் என்பதை, ஓய்வு பெற்ற பின்னர், முஹர்ரக் நகரின் பழைய தெருக்களில் ஒரு நாள் கால்நடையாகச் சுற்றியபோதுதான் உணர்ந்தேன்.

முஹர்ரக் பஹ்ரைன் தீவுகளுள் ஒன்று. அந்நாட்டின் முன்னாள் தலைநகர். அங்குள்ள பதினேழு பழைய கட்டடங்களையும், தென்முனையிலுள்ள பூ மாஹிர் கோட்டையையும், அதனருகே எஞ்சிய கடற்கரையையும், கடலிலுள்ள மூன்று சிப்பிப் படுகைகளையும் ஒருசேர 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இவற்றுள் கரையில் உள்ளவற்றை இணைத்துச் செல்லும் வழிக்கு ‘முத்துப் பாதை’ என்று பெயர். நீளம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர்.

காலையில் கடற்கரையிலிருந்து புறப்பட்டேன். கோடைதோறும் முத்துக்குளிக்கும் மரக்கலங்கள் விடைபெற்றுச் சென்ற கரை இது. ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர்களுக்குக் கடலே வீடு. குளியாள் மூக்கில் கவ்வியும் விரல்களில் தோலுறையும் அணிந்து, காலில் கல்லைப் பிணைத்துக்கொண்டு அடியில் இறங்குவார். கழுத்தில் தொங்கும் கூடையில் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு கயிற்றை அசைத்ததும், மேலிருப்பவர் அவரை இழுத்தெடுப்பார். ஒரு மூச்சில் ஒரு முழுக்கு. பகலெல்லாம் மீண்டும் மீண்டும் அதுவே. இழுப்பவரின் கவனம் தவறினால் இறங்கியவரின் உயிர் தவறும். மரக்கலத் தலைவருக்கு ‘நாகுதா’ என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல் நம் கடற்கரை ஊர்களுக்கும் பழகியதே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்க அரபுக் குளியாட்களும் வந்ததுண்டு.

கரையை விட்டுத் தெருக்களுக்குள் நுழைந்தேன். பவழப்பாறைக் கற்களை அடுக்கிச் சுண்ணச்சாந்து பூசிய சுவர்கள். நிழல் தருவதற்கென்றே குறுகி வளையும் சந்துகள். முதலில் எதிர்ப்பட்டவை குளியாள், கயிறிழுப்பவர் முதலியோரின் எளிய வீடுகள். மேலே செல்லச் செல்ல நாகுதாவின் வீடும், வணிகரின் பண்டகசாலைகளும், கடைசியில் சியாதி குடும்பத்தாரின் மாளிகையும் வந்தன. அங்கே சுவரெங்கும் சித்திரவேலை. அருகிலேயே அவர்கள் பெயர் தாங்கிய பள்ளிவாசல். இத்தகைய வணிகரைத் தேடித்தான் 1912-இல் பாரிஸ் நகைவணிகர் ஜாக் கார்ட்டியே பஹ்ரைனுக்கு வந்தார். கடலிலிருந்து மாளிகை வரை முத்து சென்ற வழியிலேயே நானும் நடந்திருந்தேன்.

முத்துச் செல்வம் அவ்வழியே சென்றது. கடனோ எதிர்வழியே இறங்கிற்று. வணிகர் நாகுதாவுக்குப் பணம் தருவார். நாகுதா குளியாளுக்கு முன்பணம் தருவார். அப்பணத்தில்தான் குளியாளின் குடும்பம் அரிசியும் பேரீச்சம்பழமும் வாங்கி உயிர் வாழ்ந்தது. பருவ முடிவில் பங்கு குறைந்தால் மீதி கடனாக நிற்கும். அது தீரும் வரை அவர் வேறு மரக்கலம் ஏற இயலாது. தந்தை இறந்தால் மகன் அக்கடனைச் சுமந்து கடலில் இறங்குவான். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கேடு வேண்டும், தந்தையின் கடன் மகனைச் சாரலாகாது என்னும் சீர்திருத்தங்கள் 1920-களில்தான் வந்தன. ஆயினும், முன்பணம் குறைக்கப்பட்டபோது 1932-இல் குளியாட்களே கலகம் செய்தனர். இது முரணன்று, கடன் விலங்காயினும், அவர்கள் அடுப்பெரிந்தது அதனால்தான்.

அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்தும், 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் இத்தொழிலின் அடித்தளத்தை அரித்துவிட்டன. எண்ணெய்க் கிணறுகள் வேறு வேலையைத் தந்தன.

மாலையில் வந்த வழியே திரும்பினேன். மாளிகையின் சித்திரச் சுவரைப் படம் பிடிக்கப் பலர் நின்றனர். குளியாளின் சிறு வீட்டெதிரே ஒருவருமில்லை. அதன் வாயிலருகே சற்று நின்று, மூச்சையடக்கி எண்ணிப் பார்த்தேன். முப்பதைத் தாண்ட இயலவில்லை. மாணவர்களே, பாடநூலில் “ஏற்றுமதிப் பொருள்” என்னும் சொல்லைக் காணும்போதெல்லாம், அதை எடுத்துத் தந்த கை யாருடையது, அக்கைக்குக் கிடைத்தது எவ்வளவு என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். என்னை அவ்வாறு கேட்க அன்று ஒருவரும் இல்லாமற்போயினரே என்பதுதான் என் குறை.