கிழங்கு சொல்லும் சாட்சி

இரண்டு தேசங்களில் ஒரே மாதிரியான பழக்கமோ பொருளோ இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று வாதிக்கும் சரித்திரக் கட்சி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலியட் ஸ்மித் என்ற உடற்கூறு நிபுணர், நாகரிகம் எகிப்தில் பிறந்து அங்கிருந்துதான் உலகெங்கும் பரவிற்று என்றார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தோர் ஹெயர்தாலைப் படித்தபோது சிரிக்கவில்லை, மயங்கிப்போனேன்.

மயங்காமல் என்ன செய்வது? 1947 ஏப்ரல் 28-ஆம் தேதி, ஐந்து தோழர்களுடன், பால்ஸா மரங்களைக் கயிற்றால் பிணைத்த தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்படுகிறார் இந்த நார்வேக்காரர். 101 நாட்கள் பசிபிக் சமுத்திரத்தில் மிதந்து, பாலினேசியாவில் ரரோயா என்ற பவழத் திட்டில் மோதிக் கரையேறுகிறார். அந்தத் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் வெள்ளை நிறமும் தாடியும் கொண்ட ஒரு பழங்கூட்டத்தார் என்பது அவர் கொள்கை.

கதை எழுதுகிறவன் துணிச்சல்காரனைக் கண்டுவிட்டால் அவனால் நீதிபதியாக இருக்க முடிவதில்லை. ‘வந்திருக்க முடியும்’ என்பது வேறு, ‘வந்தார்கள்’ என்பது வேறு. அதை நான் அன்று கவனிக்கவில்லை.

தீவுக்காரர்களின் பேச்சு வேறு விதமாகச் சாட்சி சொல்கிறது. மலாய் மொழியில் கண்ணுக்கு ‘மாத்தா’, ஐந்துக்கு ‘லிமா’. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் சமோவாவிலும் அதே மாத்தா, அதே லிமா! அவர்கள் வளர்த்த பன்றியும் கோழியும் ஆசியப் பக்கத்திலிருந்து போனவையே. அவர்களுக்குத் தெப்பத்தில் மிதக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1976-இல் பழைய முறைப்படி அமைந்த இரட்டைப் படகு ஒன்று, திசைகாட்டும் கருவி எதுவுமின்றி, ஹவாயிலிருந்து தஹிதிக்குப் போய்ச் சேர்ந்தது. மௌ பியாலுக் என்ற பசிபிக் தீவுவாசி நட்சத்திரங்களையும் அலைகளையும் பார்த்து அதற்கு வழி சொன்னார்.

அப்படியானால் அமெரிக்காவுடன் தொடர்பே கிடையாதா? உண்டு. பொங்கலன்று நாம் வேகவைத்துத் தின்கிறோமே, அந்தச் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் சாட்சி. அதன் பிறப்பிடம் அமெரிக்கா. ஆனால் கொலம்பஸ் 1492-இல் கப்பலேறுவதற்கு முன்பே பாலினேசியாவில் அது விளைந்திருக்கிறது. மாங்காயாத் தீவில் அதன் கரிந்த துண்டுகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. விதை தானாக மிதந்து போயிருக்கலாம் என்று சொல்லும் தாவர நிபுணர்களும் இருக்கிறார்கள். விதை மிதக்கலாம், பெயர் மிதக்குமா? மாவோரிகள் அதைக் ‘குமாரா’ என்கிறார்கள்; ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் பழங்குடி மொழிகளிலும் ‘குமார்’, ‘குமல்’ போன்ற பெயர்கள் வழங்கின. 2020-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்று, கிழக்குத் தீவினர் சிலரிடம் கொலம்பியப் பழங்குடியினரின் இரத்தக் கலப்பைக் கண்டது. அது நேர்ந்த காலம் ஏறக்குறைய 1200.

யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. கடலில் போகவும் திரும்பவும் தெரிந்த தீவுக்காரர்களே போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடர்பு உண்டு என்றவரையில் ஹெயர்தால் சொன்னது சரிதான். கொடுக்கத் தகுந்தவர் யார், வாங்க மட்டுமே தெரிந்தவர் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டதுதான் பிசகு. நானும் அதற்குத் தலையாட்டினேன்.

தெப்பத்தில் போன ஆறு பேரின் பெயர்களும் புத்தகத்தில் இருக்கின்றன. கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவனின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.