பேன் சீப்பும் பூனைக்குட்டியும்

எங்கள் வீட்டில் சோறு தின்னும் பூனை ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய சாக்கில் மூணு குட்டி போட்டிருந்தது. பத்து நாள் இருக்கும், கண் அப்போதுதான் திறந்திருந்தது. வயிற்று மயிரை விலக்கினால் தெள்ளு ஓடுகிறது. மேல்வீட்டு அக்கா தன் நாய்க்கு வாங்கியதில் மிச்சமிருந்த மருந்தைக் கொண்டுவந்தார். "கழுத்துல ரெண்டு சொட்டு விடுங்க தம்பி, ராத்திரிக்குள்ள எல்லாம் செத்துடும்." அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெர்மெத்ரின் என்று பொடி எழுத்தில் இருந்தது. பக்கத்தில் பூனைப் படம், அதன் மேல் குறுக்குக்கோடு. நாய்க்கு ஆவது பூனைக்கு ஏன் ஆகாது என்று தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் ஒன்று. நம்ம ஊரில் பாதிப் பேர் தெள்ளையும் உண்ணி என்றே சொல்கிறார்கள். உண்ணி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், எட்டுக் கால். தெள்ளுக்கு ஆறு கால், தாவும். இங்கே பேச்சு தெள்ளைப் பற்றி.

பெர்மெத்ரினின் மூலம் ஒரு வெள்ளைப் பூ. சாமந்தி இனம். இன்றைய குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் வளர்வது. பூவைக் காயவைத்துப் பொடித்தால் பூச்சி சாகும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கும் தெள்ளுக்கும் இதைத்தான் தூவினார்கள். பொடிக்குள் இருக்கும் பைரெத்ரின்களின் அமைப்பை ஸ்டாடிங்கர், ருசிச்கா என்ற இரு வேதியியலாளர்கள் ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார்கள். ஆனால் வெயில் பட்டால் அந்தப் பொடி சீக்கிரமே சத்து இழந்துவிடும். வயலுக்கு உதவாது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு 1973இல் வெளியிட்ட பெர்மெத்ரின் அந்தக் குறையைத் தீர்த்தது. வெயிலில் நிற்கும், நாள்கணக்கில் இருக்கும். பயிருக்காகப் பிறந்த மருந்து பிறகுதான் நாயின் முதுகுக்கு வந்தது, அதுவும் பாதிக்குப் பாதி பெர்மெத்ரின் இருக்கும் அளவுக்குக் கெட்டியாக.

பயிருக்கு எது நல்லதோ அதுவே பூனைக்கு வினையாகிறது. உடம்புக்குள் போன நஞ்சோடு குளுக்கரோனிக் அமிலத்தைச் சேர்த்து நீரில் கரையவைத்து வெளியேற்றுவது கல்லீரலின் முக்கியமான வேலைகளில் ஒன்று. பூனைக்கு இதில் ஓட்டை. யூஜிடி1ஏ6 என்ற மரபணு பூனையில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். வீட்டுப் பூனை மட்டுமில்லை, சிங்கம், சிவிங்கிப்புலி எல்லாமே இப்படித்தான். கறி மட்டுமே தின்னும் குடும்பம், செடிகொடி நஞ்சை முறிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதால் கருவி துருப்பிடித்துவிட்டது என்று விளக்கம் சொல்கிறார்கள். நமக்குத் தலைவலி தீர்க்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். பினாயில் தெளித்த தரையும் அதற்கு ஆகாது. பிறந்த குட்டிக்கோ, இருக்கிற கருவிகளும் இன்னும் முழுசாக வேலைக்கு வரவில்லை.

இன்னொரு சிக்கல் நாக்கு. பூனை தன் மேல் விழுந்ததை எல்லாம் நக்கித் தின்னும். தாய் குட்டியையும் நக்கும். பால் முல்லர் 1939இல் டிடிடியின் பூச்சிக்கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்து 1948இல் நோபல் வாங்கினார். நேப்பிள்ஸ் நகரில் மனிதர்களின் சட்டைக்குள்ளேயே இந்தப் பொடியை அடித்தார்கள், பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலைத் தடுக்க. மனுஷன் தாங்கினான். மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்த இடங்களில் பூனைகள் செத்ததாகப் பல நாடுகளிலிருந்து செய்தி வந்தது. 1960இல் போர்னியோவின் பாரியோ மலைப்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படை பாராசூட்டில் பூனைகளை இறக்கியது. அந்தக் கதை பின்னாளில் காது மூக்கு வைத்து ஊதிப் பெருத்துவிட்டது, ஆனால் பூனைகள் வானத்திலிருந்து இறங்கியது நிஜம்.

சரி, மருந்தே வேண்டாம், தானாகப் போகட்டும் என்று விடலாமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்குச் சுமார் 13.6 மைக்ரோலிட்டர் ரத்தம் குடிக்கும். 72 சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். பத்து நாள் குட்டியின் எடை 200 கிராம் பக்கம். மொத்த ரத்தமே 12, 13 மில்லிலிட்டர்தான். அப்போ தினம் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஈறு வெளுத்து, குட்டி பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் தெள்ளு கொன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 2000 வாக்கில் வந்த நிடென்பைரம் மாத்திரைகூட 4 வாரம் தாண்டி, ஏறக்குறைய ஒரு கிலோ எடை வந்த குட்டிக்குத்தான். கழுத்தில் விடும் பூனை மருந்துகள் பலவற்றுக்கு 8 வாரம் ஆக வேண்டும்.

மிச்சம் இருப்பது சீப்பு. இஸ்ரேலின் லாகிஷ் என்ற இடத்தில் கிடைத்த யானைத்தந்தச் சீப்பு ஒன்றைப் பற்றி 2022இல் கட்டுரை வந்தது. சுமார் 3,700 வருஷப் பழசு என்கிறார்கள். அதில் கானானிய எழுத்தில் ஒரு வரி, தலையிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழிய வேண்டும் என்ற வேண்டுதல். அகர வரிசை எழுத்தில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் மிகப் பழையது இதுதானாம். ஒரு பக்கம் சிக்கெடுக்க அகலப் பல், மறுபக்கம் பேனுக்கு நெருக்கப் பல். நம்ம வீட்டுப் பேன் சீப்பு அப்படியே.

நானும் அதைத்தான் எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி. முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு நுரை வளையம், இல்லாவிட்டால் தெள்ளு முகத்துக்கு ஓடிவிடும். முகத்தில் தண்ணீர் படக்கூடாது. ஒவ்வொரு குட்டிக்கும் ரெண்டு நிமிஷம்தான், சீவி வருவதைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, உடனே துண்டால் துடைத்து, நெஞ்சோடு வைத்துக் காயவைத்தேன். இந்த வயதுக் குட்டியால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதனால் மறுநாளிலிருந்து குளிப்பாட்டாமல் சீவல் மட்டும். சாக்கை எரித்தேன். மாற்றிப் போட்ட துணியைத் தினம் கொதிநீரில் அலசினேன், முட்டையும் புழுவும் படுக்கையில்தானே இருக்கின்றன. தாயை மருத்துவர் எடை பார்த்து, பால் கொடுக்கும் பூனைக்கு ஆகிற மருந்தாகக் கொடுத்தார்.

முதல் நாள் கிண்ணத்தில் எண்ணியது 61. ஆறாம் நாள் 3.

நாய் மருந்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். "நாய்க்குப் போடுங்கக்கா, தப்பில்ல. ஆனா மருந்து காயுற வரைக்கும், ஒரு ரெண்டு மூணு நாள், அவனை மாடிப்படிப் பக்கம் விடாதீங்க. இந்தப் பூனை அவன் மேலயும் படுத்துக்கும்."