தரைக்கு மேல் தரை பிறந்த கதை

பழைய வினைல் தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய வினைல் விரிப்பை ஒட்டுவதை அரைகுறை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்த முறைக்கு வலுவான காரணம் இருக்கிறது. அது தெரிய வேண்டுமானால் வினைல் தரை பிறந்த கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

சுருட்டி எடுத்துவந்து விரிக்கக்கூடிய தரைக்கு முதலில் பேர் வாங்கியது லினோலியம். 1850-களில் ஃபிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர், பெயின்ட் டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுப் பால் ஏடு போல இறுகியிருப்பதைக் கவனித்தார். இழுத்தால் வளைந்துகொடுத்த அந்த ஏட்டோடு தக்கைத்தூளைச் சேர்த்து, துணியில் அழுத்தித் தரைவிரிப்பு ஆக்கினார். 1864-இல் லண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஆலை எழுந்தது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு, மருத்துவமனை, கப்பல் எல்லாவற்றிலும் லினோலியம்தான்.

அதன் இடத்தைப் பிடித்த பொருள் வேறொரு தேடலில் கிடைத்தது. 1926-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வினைலின் மூலப்பொருளான பி.வி.சி. அதற்கு முன்பே ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததுதான். 1872-இல் ஜெர்மானியரான யூஜென் பவுமன், வெயிலில் இருந்த குடுவைக்குள் அது வெள்ளைத் திடப்பொருளாகப் படிந்திருக்கக் கண்டார். ஆனால் விறைப்பான, நொறுங்கும் பொருள், யாருக்கும் பயன்படவில்லை. செமன் அதை அதிகக் கொதிநிலை உள்ள கரைப்பானில் சூடாக்கினார். ஆறியபோது பசை வரவில்லை. ரப்பர் போலத் துள்ளும், தண்ணீர் ஒட்டாத ஒரு பொருள் வந்தது. மேலதிகாரியின் மேசையில் இருந்த காகிதங்களின் மேல் அது பூசிய துணியை விரித்து, தண்ணீரை ஊற்றிக் காட்டி அவரை நம்பவைத்ததாகச் செமன் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் தரை மக்கள் பார்வைக்கு வந்தது. உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் வீடுகள் மளமளவென்று எழுந்தன. பல வீடுகளுக்கு அடித்தளம் மண்மேல் நேராகப் போட்ட கான்கிரீட். அதிலிருந்து மேலேறும் ஈரமும் காரமும் லினோலியத்தை அரித்துவிடும். வினைல் அதைத் தாங்கியது. ஆனால் அதன் அடியில் ஒட்டும் தாளும் அல்லவா தாங்க வேண்டும்? மக்காத, தீப்பிடிக்காத, விலை மலிந்த நாராக அன்று கையில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார். அதையே அடித்தாளாக்கினார்கள். மேலே அழகான அச்சுப் பூ, நடுவில் மெத்தென்ற நுரை, அடியில் கல்நார். பன்னிரண்டு அடி அகலச் சுருள் ஒன்றே சமையலறையை இணைப்பில்லாமல் மூடியது. பெருக்கித் துடைத்தால் போதும் என்று இல்லத்தரசிகள் மகிழ்ந்தார்கள். தவறு அவர்களுடையதல்ல, காலடியில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த நார் ஒட்டியபடி கிடக்கும்வரை தீங்கில்லை. சுரண்டினால், தேய்த்தால், கிழித்தால் கண்ணுக்குத் தெரியாத தூசாகப் பறந்து நுரையீரலில் தங்குகிறது. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படுகிறது. 1980-களில் ஆலைகள் கண்ணாடியிழைக்கும் வேறு நார்களுக்கும் மாறின. 1989-இல் அமெரிக்க அரசு கல்நார் அடித்தாளுக்குத் தடை விதித்தது. ஏற்கெனவே ஒட்டிய லட்சக்கணக்கான தரைகளை என்ன செய்வது? பெயர்க்காதே, மூடிவிடு என்பதே துறையினரின் வழிகாட்டலானது. தரைக்கு மேல் தரை போடுவது சிக்கனத்துக்கான வழி மட்டுமாக இருந்தது போய், பாதுகாப்பு ஏற்பாடாகவும் ஆனது அப்போதுதான்.

எல்லாத் தரையையும் மூடிவிட முடியாது. பழையது முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். ஒரே அடுக்காக இருக்க வேண்டும். மெத்தென்ற நுரைத் தரை அடியில் இருந்தால் புதியது அமுங்கிக் கிழியும். பழைய வினைலின் பள்ளமேடுகளைச் சமன்செய்யும் கலவையைக் கரண்டியால் இழுத்து நிரப்பாவிட்டால், சில மாதங்களில் அந்தப் பழைய பூ வேலை புதிய பரப்பில் தலைகாட்டும். மெழுகையும் எண்ணெய்ப்பசையையும் கழுவித்தான் எடுக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது.

டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ 1980-களிலோ அதற்கு முன்போ கட்டிய வீடு வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: தரையைப் பெயர்க்க ஆள் கூப்பிடுவதற்கு முன், தகுதிபெற்றவரைக் கொண்டு மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தரையில் உளியும் சுரண்டியும் படவேண்டாம்.