திரைக்கும் பெட்டிக்கும் நடுவே

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்கள் பத்தில் ஏழெட்டுப் பொருந்தினால் திருப்தியடைந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டு விடுவார்கள். கம்ப்யூட்டருக்கும் அதன் மானிட்டருக்கும் பொருத்தம் பார்க்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கம்பியின் நுனி ஒரு ஜாதி, பெட்டியின் முதுகிலுள்ள துவாரம் வேறு ஜாதி என்றால், நடுவே ஒரு தரகனை விலை கொடுத்து வாங்கித்தான் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கம்பிகளுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் ஒரு நல்ல அத்தியாயம் நம் மதுரைச் சீமையிலேயே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் பிறந்தது திரை, கம்ப்யூட்டர் அல்ல. 1897-ஆம் வருஷம் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரவுன், காற்றில்லாத கண்ணாடிக் குழாயில் மின்கதிரைப் பாய்ச்சி, எதிர்முனையில் ஒளிப்புள்ளியாக விழச் செய்தார். அந்தப் புள்ளியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் கோடு. கோடுகளை அடுக்கினால் படம். டெலிவிஷனும் பிற்பாடு வந்த கனத்த மானிட்டர்களும் அந்தக் குழாயின் சந்ததிகள்தான்.

கம்ப்யூட்டர் பிறந்தபோது அது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொன்று என்று யாரும் கனவுகூடக் காணவில்லை. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே யந்திரத்தோடு பல பேர் ஒரே சமயத்தில் பேசும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார்கள். ஊர்ப் பொதுக் கிணற்றில் நாலு பக்கமும் ராட்டினம் போட்டதுபோல! பிறகு 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி மேஜைமேல் வைக்கும் சொந்தக் கம்ப்யூட்டரை விற்க ஆரம்பித்தது. பெட்டி வேறு, திரை வேறு. இரண்டையும் ஒன்பது ஊசிக் கம்பி ஒன்று இணைத்தது.

அந்தத் திரையில் பச்சை எழுத்துக்கள் இருபத்தைந்து வரிகளில் அணிவகுத்து நின்றன. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கள். எழுத்தின் உருவங்கள் பெட்டிக்குள்ளே ஒரு சில்லில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. அதில் இல்லாத எழுத்து திரைக்கு வராது. நம்முடைய 'அ'வுக்கு அங்கே இடமில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகி, 1988-இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தின் கையில் வளர்ந்த 'ஜிஸ்ட்' அட்டை இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால் இந்திய பாஷைகளின் எழுத்துக்கள் திரையில் தோன்றின. பெட்டிக்கும் திரைக்கும் நடுவே ஓர் அட்டை நுழைந்ததும் தமிழ் உள்ளே வந்துவிட்டது என்பதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

1987-இல் பதினைந்து ஊசிகள் மூன்று வரிசையில் அமைந்த வி.ஜி.ஏ. கம்பி வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒரு வழி. வரி எங்கே தொடங்குகிறது, பக்கம் எங்கே முடிகிறது என்று தாளம் போட இரண்டு வழி. சிவப்புக்குரிய ஊசி ஒடிந்தால் திரையிலுள்ள மனிதர்கள் நீலமும் பச்சையும் கலந்த முகத்தோடு காட்சி தருவார்கள். கம்பி அதிகமாக நீண்டால் எழுத்துக்குப் பக்கத்தில் மங்கலான நிழல் விழும். 1994-இல் இன்னொரு வசதியும் சேர்ந்தது. மானிட்டர் தன் ஜாதகத்தை, அதாவது தன்னால் எத்தனை புள்ளிகள் காட்ட முடியும் என்பதை, கம்ப்யூட்டரிடம் தானே சொல்லிவிடும். பிறகு 1999-இல் டி.வி.ஐ., 2002-இல் ஹெச்.டி.எம்.ஐ., 2006-இல் டிஸ்ப்ளே போர்ட் என்று கம்பிகள் மாறின. நிழல் ஒழிந்தது, ஆனால் பழையதற்கும் புதியதற்கும் நடுவே தரகர்கள் பெருகினார்கள்.

ஒரு திரைக்கு ஒரு யந்திரம்தானா என்று கேட்கலாம். அப்படி விதியொன்றும் இல்லை. இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், நடுவே ஒரு மாற்றுப் பெட்டியை வைத்து, பொத்தானை அழுத்தி ஒரே திரையில் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு திரை வைப்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: பார்க்கிறவன் எங்கே, பார்க்கப்படுவது எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? மேஜையில் அது ஒரு முழம். மதுரைக்காரர்கள் அதைக் காத தூரமாக இழுத்துப் பார்த்தார்கள்.

2001-ஆம் வருஷம், மதுரைக்கு வடகிழக்கே உள்ள மேலூர் வட்டத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் வழிகாட்டுதலில் சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையைக் கொண்டு கிராமங்களில் இன்டர்நெட் நிலையங்கள் திறந்தார்கள். எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும், மதுரையின் தானம் அறக்கட்டளையும் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், ஒரு சிறிய காமிரா, ஓர் அச்சு யந்திரம், மின்சாரம் போனால் காப்பாற்ற ஒரு பாட்டரி. நகரத்திலே ஒருவருக்கு இரண்டு திரை. இங்கே ஓர் ஊருக்கே ஒரு திரை. பிறப்புச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ் வேண்டுகிறவர்கள் தாலூகா ஆபீசுக்குப் பஸ் பிடிக்காமல் ஊரிலிருந்தே மனு அனுப்பினார்கள். பயிருக்கும் கண்ணுக்கும் யோசனை கேட்டார்கள்.

ஆனால் சில வருஷங்களில் அந்த நிலையங்களில் பல மூடப்பட்டன. கடன் வாங்கித் தனியாக நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டுப்படியாகவில்லை. யந்திரம் பழுதானால் உடனே உதவி கிடைப்பது அரிதாயிற்று. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும், மனு போன வழியில் பதில் வருவது குறைந்தது. கம்பியும் அலையும் சரியாகத்தான் இருந்தன. மறுமுனையில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் இல்லை. சரித்திரத்தில் வெற்றிகளை மட்டும் எழுதிக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை. அந்த நிலையங்களை நம்பி முதல் போட்ட கிராமத்து இளைஞர்களின் நஷ்டமும் இதில் சேர்த்தி.

அதே சீமையில் இன்னொரு முயற்சி நிலைத்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மதுரையில் படித்த சிவ நாடார் நண்பர்களோடு சேர்ந்து வடக்கே ஹெச்.சி.எல். கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கியதும் அதே வருஷந்தான். இரண்டும் பெரிய ஆலமரங்களாயின.

கண் தெரியாதவர் ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் கூட ஒருவர் வரவேண்டும். இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். வைத்தியம் இலவசம் என்றாலும் பிரயாணம் இலவசமில்லை. அதனால் 2000-க்குப் பிந்தைய வருஷங்களில் அரவிந்த் ஆஸ்பத்திரியார் சிறிய ஊர்களில் கண் பார்வை மையங்கள் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைச் சோதித்துப் படம் அனுப்புவார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் திரையில் அதைப் பார்த்து, நோயாளியோடும் பேசுவார். தேனிப் பக்கத்து மையங்களை இணைக்கக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக் குழு துணைக்கு வந்தது. ஒரு வீட்டுக்குள் எட்டுவதற்காகச் செய்த வைஃபை அலையை, உயர்ந்த கோபுரமும் ஒரே திசை நோக்கும் ஆன்டெனாவும் வைத்து, மென்பொருளையும் திருத்தி, பல கிலோமீட்டர் தூரம் ஓடவைத்தார்கள். கண்ணாடி போட்டால் போதும் என்பவர்களுக்கு அங்கேயே தீர்ப்பு. அறுவைச் சிகிச்சை அவசியம் என்பவர்கள் மட்டும் பஸ் ஏறினார்கள்.

மேலூரில் பல இடங்களில் அணைந்த திரை இங்கே ஏன் அணையவில்லை? மறுமுனையில் ஒரு டாக்டர் தினமும் வந்து உட்கார்ந்தார். இதைவிடப் பெரிய ரகசியம் எனக்குத் தென்படவில்லை.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது திரையும் பெட்டியும் ஒரே உடலாக வீடு வந்து சேர்ந்தன. இப்போது கைப்பேசியில் கம்பியைத் தேடவே வேண்டாம். ஆனால் மனுவோ, வலியோ, சந்தேகமோ திரையின் இந்தப் பக்கம் இருக்கும்வரை, அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் வேலை மட்டும் தீரவில்லை. மேலூர்க்காரர்கள் அந்தக் கேள்வியை இருபது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.