டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள் விளையாட்டு: தமிழ்நாட்டுப் புல்லட்டும் திருப்பூரின் தொடக்கநிலை ஓட்டுநரும்

டிரையல்ஸ் என்பது வேகத்தை அல்லாமல் சமநிலையை அளக்கும் மோட்டார் சைக்கிள் விளையாட்டு ஆகும். பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு ஆகியவற்றைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடப்பதே இதன் நோக்கம். 1950களில் இவ்விளையாட்டில் புகழ்பெற்ற வெற்றிகளைக் கண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட், அதே பத்தாண்டிலேயே தமிழ்நாட்டுக்கு வந்து இங்கு உற்பத்தியாகத் தொடங்கியது. ஆனால் வண்டியோடு விளையாட்டு வரவில்லை. வராமல் போனதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால், இன்று திருப்பூர் போன்ற ஊரில் இதைத் தொடங்க விரும்பும் ஒருவர் எந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் தெளிவாகும்.

விதிகள்

போட்டித் தடம் பல சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பிரிவிலும் இருபுறமும் எல்லைக் குறிகள் இருக்கும். வீரர் தனியாக அதைக் கடக்க, நடுவர் ஒருவர் அருகில் நின்று தவறுகளை எண்ணுவார். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, மூன்று அல்லது அதற்கு மேல் ஊன்றினால் 3. விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ, பிரிவை முடிக்காமல் விட்டாலோ 5 புள்ளிகள். இவை அனைத்தும் தண்டப் புள்ளிகள். ஆகவே குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். பிரிவுகளை வீரர்கள் முதலில் நடந்து சென்று பார்வையிடலாம். எந்தக் கல்லின் மேல் முன்சக்கரத்தை ஏற்றுவது, எங்கே திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது இவ்விளையாட்டின் பாதி வேலை.

பிரித்தானியத் தோற்றமும் புல்லட்டும்

மோட்டார் சைக்கிள்கள் நம்பகமற்றவையாக இருந்த 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு வண்டி மோசமான பாதையைத் தாங்குமா என்று சோதிக்கவே டிரையல்ஸ் நடத்தப்பட்டது. 'சோதனை' என்னும் பொருள்படும் பெயர் அதனால் வந்ததே. இவற்றில் பழமையும் பெருமையும் மிக்க ஸ்காட்லாந்து ஆறுநாள் டிரையலின் வரலாறு 1909-இல் தொடங்குகிறது. வண்டிகள் உறுதியாகத் தயாரிக்கப்பட்ட பின்னர், சோதனை இயந்திரத்திலிருந்து ஓட்டுபவரின் திறமைக்கு மாறியது.

1948-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி பொருத்திய புதிய 350 சிசி புல்லட்டைக் கோல்மோர் கோப்பை டிரையலில் இறக்கியது. பின்புறம் அசையாத சட்டகம்தான் டிரையல்ஸுக்கு ஏற்றது என்று பலரும் நம்பிய காலம் அது. பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்தால் பிடிமானம் போய்விடும் என்பது அவர்கள் கருத்து. உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது. மேடுபள்ளத்தில் சக்கரம் தரையோடு ஒட்டியிருக்க அதிர்வுதாங்கி உதவியது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறுநாள் டிரையலில், கோப்பை வென்ற பிரித்தானிய அணியின் இரு புல்லட் வீரர்கள் தங்கப் பதக்கம் பெற்றனர். பின்னர் ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்து ஆறுநாள் டிரையலைப் புல்லட்டில் வென்றார்.

சென்னைக்கு வந்த வண்டி

எல்லைப் பகுதி ரோந்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிளைத் தேடிய இந்திய இராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. சேற்றிலும் கல்லிலும் தாங்கும் என்று டிரையல்ஸ் களத்தில் மெய்ப்பித்த குணமே இங்கு வேறொரு பணிக்குப் பயன்பட்டது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை அமைந்தது. முதலில் இறக்குமதியான பாகங்களைப் பொருத்திய ஆலை, படிப்படியாக முழு வண்டியையும் உள்நாட்டிலேயே செய்தது.

ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் பிரித்தானிய உற்பத்தியும் நின்றது. திருவொற்றியூர் மட்டும் தொடர்ந்து இயங்கி, 1977-இல் இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. ஆனால் தமிழ்நாட்டில் அவ்வண்டி போலீஸ்காரரின் வண்டியாகவும், பண்ணையாரின் வண்டியாகவும், நெடுஞ்சாலை வண்டியாகவுமே அறியப்பட்டது. அதன் டிரையல்ஸ் முன்வரலாறு பெரும்பாலோருக்குத் தெரியாமலே போயிற்று.

1965: இலகு வண்டியின் வெற்றி

புல்லட் சென்னையில் வேரூன்றிய அதே காலத்தில் டிரையல்ஸ் வேறு திசையில் சென்றது. சாமி மில்லர் என்ற வீரர் 500 சிசி ஏரியல் வண்டியில் வெற்றிகளைக் குவித்தவர். அவர் பார்சிலோனாவின் புல்டாக்கோ நிறுவனத்துடன் சேர்ந்து 1964-இல் ஷெர்ப்பா டி என்னும் இரண்டு-ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 90 கிலோ. 1965-இல் அதே வண்டியில் ஸ்காட்லாந்து ஆறுநாள் டிரையலை வென்றார். பிரித்தானியத் தயாரிப்பு அல்லாத வண்டி அப்போட்டியை வென்றது அதுவே முதல்முறை.

அதன் பிறகு கனமான நான்கு-ஸ்ட்ரோக் வண்டிகள் முன்னணிப் போட்டிகளிலிருந்து மறைந்தன. 1975-இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியபோது, முதல் பட்டத்தை மார்ட்டின் லாம்ப்கின் புல்டாக்கோவில் வென்றார். இன்று மொன்டேசா, காஸ் காஸ், ஷெர்கோ, பீட்டா போன்ற நிறுவனங்களின் டிரையல்ஸ் வண்டிகள் 65 முதல் 75 கிலோ எடையே கொண்டவை. அவற்றில் அமர்வதற்கென்று இருக்கை இல்லை. வீரர் நின்றே ஓட்டுவார்.

தமிழ்நாட்டில் வளர்ந்தது வேகம்

தமிழ்நாட்டில் மோட்டார் விளையாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் அமைந்தது. 1982-இல் டிவிஎஸ் ரேசிங் அணி தொடங்கப்பட்டது. கொங்குப் பகுதியில் இந்த ஆர்வத்தின் அடையாளமாக நிற்பவர், கோவையின் நூற்பாலைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த கரிவர்தன். இவர் பந்தய வீரர் மட்டுமல்லாமல், குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்தவரும் ஆவார். 1995-இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில், கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறக்கப்பட்டது. திருப்பூரிலிருந்து இத்தளம் எளிதில் சென்றுவரும் தொலைவிலேயே உள்ளது.

வேகப் பந்தயம் வளர்ந்து டிரையல்ஸ் வளராததற்கு இரசனை வேறுபாடு மட்டும் காரணமல்ல. பந்தயத்துக்கு இடம் அரிது, வண்டி எளிது. கடையில் விற்கும் சாலை வண்டியையே மாற்றியமைத்துப் பந்தயத்தில் ஓட்டலாம். டிரையல்ஸில் இது தலைகீழ். நாலு பாறையும் ஒரு வறண்ட ஓடையும் இருந்தால் களம் தயார். ஆனால் அதற்கான வண்டி சிறப்பாகச் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள் இறக்குமதி நீண்டகாலம் உரிமக் கட்டுப்பாட்டில் இருந்தது. பின்னரும் சுங்க வரி உயர்வாகவே நீடித்தது. வீட்டில் இருப்பதே ஒரு வண்டி, அதில்தான் வேலைக்கும் போக வேண்டும் என்ற குடும்பங்களுக்கு, சாலையில் ஓட்ட இயலாத ஒரு வண்டி எட்டாத பொருளே.

திரும்பி வந்த பெயர்

2019 மார்ச்சில் ராயல் என்ஃபீல்டு, ஜானி பிரிட்டனின் வெற்றிகளை நினைவுகூரும் வகையில் புல்லட் டிரையல்ஸ் 350, 500 என்ற இரு வண்டிகளை இந்தியாவில் வெளியிட்டது. உயர்த்திய புகைக்குழாய், ஒற்றை இருக்கை, முரட்டு டயர் எனப் பழைய தோற்றம் அப்படியே இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்ததோடு அவை விற்பனையிலிருந்து விலகின. பெயர் டிரையல்ஸ் என்றாலும் அவற்றின் எடை 180 கிலோவுக்கு மேல். அதாவது இன்றைய போட்டி வண்டியைப் போல இரண்டரை மடங்கு. மண் பாதையில் நிதானமாகச் செல்ல அவை ஏற்றவை. பாறையின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கப் பழகுவதற்கு அல்ல. தொட்டியில் எழுதிய பெயரை நம்பி வண்டி வாங்கும் தொடக்கநிலை ஓட்டுநர் ஏமாறும் இடம் இதுவே.

திருப்பூரும் இருசக்கர வண்டியும்

திருப்பூரில் ஒரு பனியன் பல கைகள் மாறி உருவாகிறது. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொரு வேலையும் வெவ்வேறு இடங்களில் நடப்பது வழக்கம். இவற்றுக்கிடையே துணிக்கட்டுகளைச் சுமப்பதில் மொபெட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50-உம், அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளும் இப்பணியில் நிலைபெற்றன. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டையுடன் குறுகிய சந்தில் கால் ஊன்றாமல் நடை வேகத்தில் ஓட்டுவது இங்கு அன்றாடக் காட்சி.

டிரையல்ஸின் அடிப்படையும் இதே மெதுவான சமநிலைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மொபெட்டில் கிளட்ச் தானாக இயங்கும். டிரையல்ஸில் இடதுகை விரல் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து, பின்சக்கரத்துக்குச் செல்லும் விசையை நொடிக்கு நொடி அளந்து விடுகிறது. மொபெட் ஓட்டியவருக்குச் சமநிலை கைவந்திருக்கும். கிளட்சைத் தனியே பழக வேண்டும்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

மேற்கண்ட வரலாறு வண்டித் தேர்வுக்குச் சில அளவுகோல்களைத் தருகிறது.

எடை: 1965 கற்பித்த பாடம் இதுவே. விழுந்த வண்டியை ஒருவரே தூக்கி நிறுத்த முடிய வேண்டும். சிசி அதிகமாக இருப்பது தொடக்கநிலை ஓட்டுநருக்கு நன்மையல்ல.

கியர்: நடை வேகத்திலும் இன்ஜின் அணையாத அளவுக்கு முதல் கியர் தாழ்வாக இருக்க வேண்டும். பின்புறச் செயின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் சாலை வண்டியிலும் இதை ஓரளவு பெறலாம்.

டயர்: போட்டி வண்டிகளில் முன்புறம் 21 அங்குலச் சக்கரமும் பின்புறம் 18 அங்குலச் சக்கரமும் இருக்கும். மென்மையான டயரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ மட்டுமே. சாலை வண்டியில் இது 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். டியூப் உள்ள சாதாரணச் சக்கரத்தில் காற்றை அவ்வளவு குறைத்தால், டயர் ரிம்மில் வழுக்கி வால்வு பிய்ந்துவிடும்.

திருப்பம்: ஹேண்டில்பார் எவ்வளவு தூரம் திரும்புகிறதோ அவ்வளவு குறுகிய இடத்தில் வண்டி வளையும்.

இந்தியாவில் எளிதாகக் கிடைப்பவற்றுள் 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் 21 அங்குல முன்சக்கரமும் கொண்டது. ஆனால் 150 கிலோவைத் தாண்டும் எடையால் அது மண்பாதைப் பயணத்துக்கே பொருந்தும். 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற 100 சிசி வண்டிகள் அதைவிட மிக இலகுவானவை. கிளட்ச் பழக்கத்துக்கு ஒரு பழைய 100 சிசி வண்டியே போதும். இருப்பினும் பதிவு செய்த வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டாமல், உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியார் நிலத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும். காப்புக்காட்டுக்குள் வண்டி ஓட்டுவது குற்றம். கைவிடப்பட்ட கல்குவாரிகளும் ஆபத்தானவை. தலைக்கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் காப்பு ஆகியவை வண்டிக்கு முன்பே வாங்க வேண்டியவை.

பெட்ரோல் வண்டி இல்லாமலும் தொடங்க வழியுண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் மோட்டார் டிரையல்ஸைப் பார்த்த சிறுவர்கள் அதே விதிகளை மிதிவண்டியில் ஆடத் தொடங்க, மிதிவண்டி டிரையல்ஸ் தனி விளையாட்டாக வளர்ந்தது. 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் மோட்டார் டிரையல்ஸ் உலகப் பட்டத்தை வென்ற டோனி போ, சிறுவயதில் மிதிவண்டியில் பழகியவரே. இருக்கையை முழுவதும் தாழ்த்திய ஒரு சாதாரண மிதிவண்டி, ஒரு மரப்பலகை, நாலு செங்கல் இருந்தால் நின்ற இடத்தில் சமநிலை, குறுகிய திருப்பம், முன்சக்கரத்தை ஏற்றுதல் ஆகிய மூன்றையும் பழகலாம். ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டாத மாணவர்களுக்குச் சட்டச் சிக்கல் இல்லாத வழியும் இதுவே. தமிழ்நாட்டில் டிரையல்ஸுக்கு இதுவரை தடையாக இருந்தது வண்டியின் விலை. மிதிவண்டியில் அந்தத் தடை இல்லை.